மணியண்ணை ஏறாத கார்

தம்பி,

சுகமாயிருக்கிறன் எண்டு எழுதினால் அது அரைப் பொய். சுகமில்லை எண்டு எழுதினால் நீ உடனை போனைத் தூக்கி அம்மாவைப் பேசுவாய். அதாலை ரெண்டையும் விட்டிட்டு நேரை விசயத்துக்கு வாறன். நேரை வாறன் எண்டு சொன்னாலும் சுத்தி வளைச்சுத்தான் வருவன், அது உனக்குத் தெரியும். சாவகச்சேரியிலையிருந்து கொடிகாமத்துக்கு ஆள் ஏத்திப் போற ஹயருக்கே நான் நாலு ஒழுங்கைக்குள்ளாலை சுத்திப் போற ஆள் எண்டு உன்ரை அம்மா சொல்லுவா. பொறுத்து வாசி. போனிலை சொல்லலாம்தான். ஆனால் போனிலை நான் ஒரு சொல்லுச் சொல்ல முதல் நீ பத்துச் சொல்லுவாய், நானும் "ஓம் தம்பி, ஓம் தம்பி" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவன். கடதாசியிலை நீ குறுக்கை கதைக்கேலாது. எழுதி முடிய அம்மா படம் பிடிச்சு உனக்கு அனுப்புவா.

போன கிழமை கனடாவிலையிருந்து, காருக்குப் பூட்டிற மூண்டு காபரேற்றரின்ரை படம் அனுப்பி, "கலியாணத்துக்கு வரேக்கை இதிலை ஒண்டைக் கொண்டு வாறன், எது வேணும் எண்டு சொல்லுங்கோ அப்பா" எண்டு கேட்டாய். தெல்லிப்பழையிலை பொம்பிளை வீட்டிலையிருந்து எங்கடை வீட்டுக்கு எங்கடை பழைய ஏ போட்டிக் காரிலைதான் சோடியா வரவேணும், முந்தி அனுப்பினதிலும் பாக்க இது இன்னும் நல்லா இழுக்கும் எண்டும் எழுதியிருந்தாய். முதல் உண்மையைச் சொல்லிப்போடுறன். நீ முந்தி அனுப்பின காபரேற்றர் காரிலை இல்லை. எட்டு மாசமா இல்லை. அலுமாரிக்குக் கீழை, அது வந்த பெட்டிக்குள்ளையே கிடக்குது. "நல்லா ஓடுது தம்பி" எண்டு நான் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னது பொய். காரிலை இப்ப கிடக்கிறது பழையதுதான். இன்னொண்டு, முப்பது வருசமா எங்களுக்குக் கார் திருத்தித் தந்த மணியண்ணை இப்ப எங்கடை காரிலை ஏறுறேல்லை. என்னோடை கதைக்கிறதும் இல்லை. அவருக்கு முதல் கலியாணக் காட் குடுங்கோ எண்டு நீ சொன்னாய். நான் கொண்டுபோய் நீட்டினால் அவர் வாங்க மாட்டார். எப்பிடியும் அந்த மனிசனை ஒருக்கால் இந்தக் காரிலை ஏத்திப்போட வேணும். எனக்கு இப்ப இருக்கிறது அந்த ஒரு ஆசைதான். உன்ரை கலியாணம் கூட அதுக்குப் பிறகுதான், கோவிக்காதை.

காபரேற்றர் எது வேணும் எண்டு கேட்டாய் எல்லோ, அதுக்கும் மறுமொழி சொல்லுறன். மணியண்ணையிட்டை ஆர் வந்து என்ன காபரேற்றர் போடலாம் எண்டு கேட்டாலும் அவர் சாமானைப் பாக்க மாட்டார். ஆளைத்தான் பாப்பார். "எங்கை ஓடுறாய்? எத்தினை பேரை ஏத்திறாய்? ஒரு நாளைக்கு எத்தினை தரம் நிப்பாட்டி எடுக்கிறாய்?" எண்டு கேப்பார். அவ்வளவுதான். எங்கடை கார் என்ன செய்யுது? சந்தையிலை நிண்டு ஒரு மனிசியையும் ரெண்டு கடகத்தையும் ஏத்தும். ஒழுங்கைக்குள்ளை ஆடு மாட்டுக்கு நிக்கும். ஆஸ்பத்திரி வாசலிலை அரை மணித்தியாலம் நிக்கும். முப்பது, நாப்பதிலை போகும். அது ஓட்டப் பந்தயத்துக்குப் போறேல்லை. றோட்டுக் காபெற் றோட்டாப் போச்சுது, இனி வேகமா ஓடலாம்தானே எண்டு நீ கேட்டாய். றோட்டைப் புதுசாப் போட்டால் கார் இளமையாகிடுமோ? நானும் அதே றோட்டிலைதான் நடக்கிறன், எனக்கு முழங்கால் நோகிறது நிண்டிட்டுதோ?

பப்பாக் குழாயாலை நீ தண்ணி உறிஞ்சி விளையாடினது நினைவிருக்கோ? சின்னக் குழாயெண்டால் கெதியா வாய்க்கு வரும். பெரிய குழாயை வாயிலை வைச்சு உறிஞ்சினால் காத்துத்தான் வரும், தண்ணி நடுவிலை நிண்டு ஆடும். காபரேற்றரின்ரை தொண்டையும் அப்பிடித்தான். எஞ்சின் உறிஞ்சுற காத்து அந்தத் தொண்டைக்குள்ளாலை விசையாப் போகவேணும். போனால்தான் அது பெற்றோலைத் தூள் தூளா அள்ளிக்கொண்டு போகும். சின்ன எஞ்சினுக்குப் பெரிய தொண்டை வைச்சால் காத்துச் சோம்பேறியாப் போகும், பெற்றோல் துளித் துளியா விழும், பிளக் கரியாகும், அக்சிலேற்றரை மிதிச்ச உடனை இழுக்காமல் ஒருக்கால் விக்கும். பெரிசு போட்டால் கூடப் பலம் வரும் எண்டு நினைக்கிறது பெரிய எஞ்சினை அடிச்சுப் பிடிச்சு ஓடுற ஆக்களுக்குச் சரி. ஊருக்குள்ளை ஓடுற பழைய காருக்கு, அது உறிஞ்சக் கூடிய அளவிலை ஒண்டு, முடிஞ்சால் எப்பன் சின்னனாவே ஒண்டு போடவேணும். இது எனக்கு உன்ரை பாசல் வர முதலே தெரியும். தெரிஞ்சு கொண்டுதான் போட்டனான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தெரியாமல் செய்தால் ஆறலாம்.

மணி மாமா உனக்கு மிட்டாய் வாங்கித் தந்த மாமா, அவ்வளவுதான் உனக்குத் தெரியும். உனக்கு அஞ்சு வயசு நடக்கேக்கை சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாரும் வீட்டை விட்டிட்டு ஒரே நாளிலை தென்மராட்சிக்கு வெளிக்கிட்டம். மழை. உனக்குக் காய்ச்சல். அப்ப பெற்றோலுக்குத் தடை, அந்தச் சாமானை நாங்கள் கண்ணாலை காணுறது அருமை. கார் ஓடினது மண்ணெண்ணெயிலை. சேலைன் போத்தலிலை எப்பன் பெற்றோல் வைச்சு, குழாயாலை சொட்டுச் சொட்டா விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சுட்டாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. நிண்டால் திரும்பவும் பெற்றோல் வேணும். அதாலை நிப்பாட்டப் பயம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டப் போகேக்கை எஞ்சின் இருமி இருமி நிண்டிட்டுது. காபரேற்றருக்குள்ளை எண்ணெய் வாற ஊசித் துவாரம், ஜெற் எண்டு சொல்லுறது, அடைச்சுப் போச்சுது. போத்தலிலை ஒரு விரல்கடை பெற்றோல்தான் மிச்சம். முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம். "காரைத் தள்ளி விழுத்திப்போட்டு வழி விடடா" எண்டு பின்னாலை ஒருத்தர் கத்துறார்.

மணியண்ணை சைக்கிளிலை மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு, மனிசியோடையும் மகனோடையும் வந்தவர். எங்களைக் கண்டிட்டுச் சைக்கிளை மகன்ரை கையிலை குடுத்தார். குடைக்குக் கீழை காபரேற்றரைத் திறந்தார். நான் ஒரு கம்பித் துண்டை நீட்டினன். "கம்பி விட்டால் துவாரம் பெருக்கும். பேந்து உது சாகுமட்டும் எண்ணெய் குடிக்கும்" எண்டு சொல்லிப்போட்டு, அந்த ஜெற்றை வாயிலை வைச்சு உறிஞ்சினார். மண்ணெண்ணெயும் ஊத்தையும் வாய்க்குள்ளை போகத் துப்பினார். திரும்ப உறிஞ்சினார். நாலைஞ்சு தரம். பிறகு பூட்டி, அந்த ஒரு விரல்கடை பெற்றோலிலை எஞ்சினை எழுப்பித் தந்தார். காருக்குள்ளை நீ, அம்மா, வழியிலை விழுந்து கிடந்த ரெண்டு வயசு போன ஆக்கள், மூட்டை. இடமில்லை. "நீங்கள் போங்கோ, நாங்கள் நடந்து வாறம், நிப்பாட்டிப் போடாதை தம்பி" எண்டார். நான் நிப்பாட்டேல்லை. கண்ணாடியிலை பாத்தன், அவரின்ரை மனிசி நனைஞ்சு கொண்டு நிண்டவ. அண்டைக்கும் அவர் எங்கடை காரிலை ஏறேல்லைத்தான். ஆனால் அது வேறை.

அதுக்குப் பிறகு முப்பது வருசம் அவர் ஜெற் அடைச்சால் வாயாலைதான் எடுப்பார். கம்பி தொடமாட்டார். இப்ப அவருக்கு நெஞ்சிலை வருத்தம், ஓயாத இருமல். அதாலைதான் வந்தது எண்டு டொக்டர் சொல்லேல்லை. நான்தான் நினைக்கிறன். நினைக்காமல் இருக்க ஏலாமல் கிடக்குது.

இப்ப என்ரை பிழையைச் சொல்ல வேணும். உனக்கு நான் ஒரு நாளும் இல்லை எண்டு சொன்னதில்லை. அது பாசம் எண்டு நீ நினைச்சிருப்பாய். அம்மா வேறை சொல்லுவா: "நீங்கள் பிள்ளைக்குப் பயந்த மனிசன்." நீ ஏழாம் வகுப்பிலை பெரிய ஆக்கள் ஓடுற சைக்கிள்தான் வேணும் எண்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். கடைக்காரர் உன்ரை காலைப் பாத்திட்டு, "அண்ணை, பெடியனுக்கு எட்டாது, சின்னனைக் கொண்டு போங்கோ, ரெண்டு வருசத்தாலை மாத்தித் தாறன்" எண்டவர். எனக்குத் தெரியும் அவர் சொல்லுறது சரியெண்டு. நீ என்ரை மூஞ்சையைப் பாத்துக் கொண்டு நிண்டாய். நான் பெரிசைத்தான் வாங்கினன். மூண்டாம் நாள் மதவடியிலை விழுந்து கை முறிச்சாய். நான் என்ன செய்தனான் தெரியுமோ? கடைக்குப் போய், சனத்துக்கு முன்னாலை, "சின்னப் பெடியனுக்கு உப்பிடிச் சைக்கிளை விக்கலாமோ?" எண்டு அந்த மனிசனைப் பேசினன். அவர் சைக்கிளைத் திருப்பி எடுத்து ஓரமா வைச்சார். நீ அதைக் காணேல்லை, ஆஸ்பத்திரியிலை கிடந்தாய். கண்டிருக்க வேணும். கண்டிருந்தால் உன்ரை அப்பன் ஆரெண்டு அப்பவே தெரிஞ்சிருக்கும். உனக்கு விட்டுக்குடுக்கிறது நான், அடி விழுறது வேறை ஆருக்கோ. இதுதான் எங்கடை வீட்டுப் பழக்கமாப் போச்சுது.

பாசல் வந்த அண்டைக்கு நான் அதை வீட்டிலை வைச்சு உடைச்சிருக்கலாம். கார் ஸ்ராண்டுக்குக் கொண்டு போய் பொனற்றிலை வைச்சு உடைச்சன். பெருமை. மினுமினு எண்டு, ரெண்டு தொண்டையோடை, சின்னப் பிள்ளையின்ரை தலையளவு. டிறைவர்மார் சுத்தி நிண்டவை. "அண்ணை, இனிக் கொழும்புக்கு மூண்டு மணித்தியாலமோ?" எண்டு ஒருத்தன். "உதைப் பூட்டினால் கார் பறக்கும், அண்ணை செட்டை எங்கை வாங்கப் போறார்?" எண்டு மற்றவன். எனக்குச் சிரிப்பு, காது வரைக்கும் சிரிப்பு. மணியண்ணை வந்து கையைத் துடைச்சுப் போட்டுத் தூக்கிப் பாத்தார். அதின்ரை வாய்க்குள்ளை ரெண்டு விரலை விட்டுப் பாத்தார். நீ அப்பத்தான் போன் எடுத்தாய். "அப்பா, லவுட்டிலை போடுங்கோ, மணி மாமாவுக்கு நான் விளங்கப்படுத்திறன்" எண்டாய். போட்டன்.

"தம்பி, உது எந்த எஞ்சினுக்குச் செய்தது?" எண்டு அவர் கேட்டார்.

"ரெண்டு லீற்றர் எஞ்சினுக்கு மாமா. ஆனால் எல்லாத்துக்கும் போடலாம். இஞ்சை பெடியள் போடுறாங்கள்."

"எங்கடை எஞ்சின் ஆயிரத்து இருநூறு சீசீ. நாப்பது குதிரை. அதிலையும் பத்துக் குதிரை செத்துப் போச்சுது, தம்பி."

எல்லாரும் சிரிச்சவை. நீயும் சிரிச்சாய். சிரிச்சுக் கொண்டு சொன்னாய், "மாமா, நீங்கள் மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக். உலகம் எங்கையோ போயிட்டுது" எண்டு. இப்ப எல்லாரும் சிரிச்சது அவரோடை இல்லை, அவரைப் பாத்து. அவரும் எப்பன் சிரிச்சார். நீ பகிடிக்குத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். நீ வைச்சாப் பிறகு அவர் என்னை ஓரமாக் கூட்டிக்கொண்டு போய், "தம்பி, உது வேண்டாம். பிள்ளை ஆசையா அனுப்பினது, அலுமாரியிலை பத்திரமா வை. கேட்டால் பூட்டிட்டம் எண்டு நானும் சொல்லுறன்" எண்டார். பார், எனக்காகப் பொய் சொல்லவும் நிண்ட மனிசன். டிறைவர்மார் எங்களைப் பாத்துக் கொண்டு நிக்கினம். எனக்கு வெக்கம் வந்து, வெக்கம் கோவமாகி, எல்லாருக்கும் கேக்கச் சொன்னன்:

"உங்களுக்கு அனுப்ப ஆளில்லை எண்ட எரிச்சலிலை கதைக்காதையுங்கோ."

"நீங்கள்" எண்டு மரியாதையாத்தான் சொன்னனான். அதுதான் இன்னும் கேவலம். அவரின்ரை மகன், அந்த மழைக்குள்ளை சைக்கிளைப் பிடிச்சுக் கொண்டு நிண்ட பெடியன், கடைசிச் சண்டையிலை காணாமல் போனவன். செத்தான் எண்டும் இல்லை, இருக்கிறான் எண்டும் இல்லை. அவரின்ரை மனிசி இண்டைக்கும் போட்டோவை மடியிலை வைச்சுக் கொண்டு பிள்ளையளைக் கேட்டுப் போராடுற மற்றத் தாய்மாரோடை பந்தலிலை போய் இருக்கிறவ. செட்டைப் பகிடி விட்டவன் மெல்லமாத் தன்ரை காருக்குள்ளை போய் இருந்திட்டான்.

மணியண்ணை போயிருக்கலாம். போகேல்லை. எங்கடை வீட்டுக்கு வந்து, பின்னேரம் வரைக்கும் நிண்டு, அந்தக் காபரேற்றரைப் பூட்டினார். அது எங்கடை எஞ்சினிலை இருக்காது, ஒரு தகடு வெட்டித் துளை போட்டு இருத்த வேணும். அதையும் வெட்டினார். அராவி அராவி மட்டம் பாத்தார். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து மட்காட்டிலை வைச்சவ. பிறகு இன்னொண்டு கொண்டு வந்தவ. ரெண்டும் ஆறி ஆடை படிஞ்சு கிடந்தது. எங்கடை வீட்டிலை முப்பது வருசம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்ச மனிசன். கழட்டின பழசைத் தூக்கி, "இதை?" எண்டு கையாலை கேட்டார். "பழைய இரும்புக்குப் போடுங்கோ" எண்டன். இன்னும் திமிர் அடங்கேல்லை எனக்கு. அதைப் பழந்துணியிலை சுத்திச் சைக்கிள் கரியரிலை வைச்சுக் கொண்டு போனார். படலையைச் சத்தமில்லாமல் சாத்தினார். அம்மா கோப்பையளை எடுத்துக் கொண்டு, "இஞ்சாருங்கோ, என்ன சொன்னனீங்கள் அந்த மனிசனை?" எண்டா. நான் ஒண்டுமில்லை எண்டன். இருட்ட முதலே ஆரோ வந்து அவவுக்குச் சொல்லிப்போட்டினம். ஒரு கிழமை எனக்குச் சோறு போட்டா, முகம் தரேல்லை.

அந்தக் காபரேற்றரோடை மூண்டு கிழமை ஓடினன். ஓடினன் எண்டதிலும் பாக்க நிண்டன் எண்டு சொல்லலாம். காலமை எழும்பாது. எழும்பினால் கறுப்புப் புகை. சந்தியிலை கிளச்சை விட்டிட்டு மிதிச்சால் "ங்" எண்டு ஒரு விக்கல், பிறகு ஒரு பாய்ச்சல். உனக்கு வீடியோ அனுப்பினனே, நிண்ட இடத்திலை எஞ்சினை முறுக்கி? அது மட்டும்தான் அதாலை ஏலும், நிண்ட இடத்திலை உறுமுறது. கடைசியிலை கொடிகாமம் சந்தையடியிலை, சனம் நிறைஞ்ச நேரம். பின்சீற்றிலை ரீச்சர். உனக்கும் படிப்பிச்ச அந்த மிசன் பள்ளிக்கூடத்து ரீச்சர்தான், ஞாயிறு சேர்ச்சுக்கும் மற்ற நாள் சந்தைக்கும் என்ரை காரிலைதான் போறவ. மரக்கறி லொறி ஒண்டு குறுக்கை நிண்டது. மெல்ல உருட்டிக்கொண்டு போக, கார் ரெண்டு தரம் விக்கிப்போட்டு நிண்டிட்டுது. பொனற்றைத் திறந்தால் பெற்றோல் வழிஞ்சு ஓடுது. முருங்கைக்காய்க் கட்டு வைச்சிருந்த ஒருத்தி, "அண்ணை, கனடாச் சாமான் பூட்டினதெண்டு சொன்னிச்சினம், பனிக்குள்ளை மட்டும்தான் ஓடுமோ?" எண்டாள். சந்தை முழுக்கச் சிரிச்சது. ரீச்சர் இறங்கிக் குடையை விரிச்சுப்போட்டுச் சொன்னா, "மணியிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். கேட்டனீரோ?" அவ பஸ்ஸிலை போயிட்டா. அதுக்குப் பிறகு போக வர ஓட்டோ ஒண்டைப் பிடிச்சிட்டா.

அண்டைக்கே நான் மணியண்ணை வீட்டை போனன். போகேக்கை மன்னிப்புக் கேக்கிறதெண்டு நினைச்சுக் கொண்டுதான் போனன். படலைக்கு அவரின்ரை மனிசி வந்தவ. உள்ளுக்கை அவர் இருமிறது கேக்குது. என்ரை வாயிலை என்ன வந்தது தெரியுமோ? "அக்கா, அந்தப் பழைய காபரேற்றர் இருக்கோ?" எண்டு வந்தது. அவ்வளவுதான் வந்தது. அவ உள்ளை போய்ப் பழந்துணிப் பொட்டலம் ஒண்டைக் கொண்டு வந்து தந்தா. "இண்டைக்கோ நாளைக்கோ வருவீங்கள் எண்டு சொன்னவர். கழுவிப் பூட்டி வைச்சிருக்கிறார். உங்களோடை கதைக்க மாட்டாராம். கார் நிண்டால் சோறு நிண்டிடுமாம், அதுக்காகத்தான் தாறாராம்" எண்டா. அவ கோவமாச் சொல்லேல்லை, அவர் சொன்னதை அப்பிடியே ஒப்புவிச்சா. வீட்டை கொண்டு வந்து விரிச்சுப் பாத்தன். ஜெற் கண்ணாடி மாதிரிக் கிடக்குது. அடியிலை வைக்கிற காஸ்கெற்றைத் தடிச்ச மட்டையிலை புதுசா வெட்டி, எண்ணெயிலை ஊற வைச்சு, காயாமல் பொலித்தீனிலை சுத்தியிருந்தார். நானே பூட்டினன். ஒரு தொடுதலிலை எழும்பிச்சுது. ஒவ்வொரு நாளும் ஒரு தொடுதலிலைதான் எழும்புது. ஒவ்வொரு காலமையும் ஆரோ கன்னத்திலை அறைஞ்ச மாதிரிக் கிடக்குது எனக்கு.

வியாழக்கிழமையளிலை அவருக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை கிளினிக். ரெண்டு பஸ். யாழ்ப்பாணம் போய் இறங்கி, அங்கையிருந்து இன்னொண்டு. காலமை ஆறு மணிக்கு வந்து பெரிய றோட்டிலை பஸ்ஸுக்கு நிப்பார், கையிலை ஒரு பையோடை. நிண்டு இருமிறதுக்குக் கரண்ட் போஸ்ற்றைப் பிடிச்சுக் கொள்ளுவார். நான் ஒரு நாள் காரை அவருக்கு முன்னாலை நிப்பாட்டினன். "மணியண்ணை, ஏறுங்கோ" எண்டன். அவர் எனக்கு மேலாலை பாத்து, பக்கத்திலை நிண்ட பள்ளிக்கூடப் பிள்ளையிட்டை, "பிள்ளை, யாழ்ப்பாணம் பஸ் போயிட்டுதோ?" எண்டு கேட்டார். அந்தப் பிள்ளை காரையும் பாத்து, என்னையும் பாத்து, "இன்னும் இல்லை ஐயா" எண்டுது. பின்னாலை பஸ்காரன் ஹோண் அடிச்சான். நான் எடுத்துக் கொண்டு போனன். அதுக்குப் பிறகு வியாழக்கிழமையளிலை அந்தப் பக்கம் ஹயர் எடுக்கிறேல்லை. ஆனால் எல்லா வியாழனும் ஒழுங்கை முடக்கிலை காரை நிப்பாட்டிப்போட்டு, அவர் பஸ் ஏறுமட்டும் பாத்துக் கொண்டிருக்கிறன். போன கிழமை அவருக்குப் படி ஏறக் கண்டக்டர் கை குடுத்தவன்.

உனக்குப் புத்தி சொல்லுற தகுதி எனக்கில்லை. ஆனாலும் கலியாணம் செய்யப் போறாய், ஒண்டு சொல்லுறன். உன்ரை வீட்டுக்கு வாற பிள்ளை எப்பவாவது "உது எங்களுக்குச் சரிவராது" எண்டு சொல்லுவாள். சொல்லேக்கை நாலு பேரை வைச்சுக் கேக்காதை. லவுட்டிலை போடாதை. ஓரமாக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுற ஆக்கள்தான் எங்களைக் காப்பாத்திற ஆக்கள். அவையை நாங்கள் சனத்துக்கு முன்னாலை இழுத்துக் கொண்டு வந்து அடிக்கிறம். நான் அடிச்சன். நீயும் ஒரு அடி அடிச்சாய், சிரிச்சுக் கொண்டு. உன்ரையைப் பகிடி எண்டு அவர் எடுத்திருப்பார். என்ரையை எடுக்க ஏலாது.

அந்த மூண்டு படத்திலை எதுவும் வேண்டாம். பெட்டிக்குள்ளை கிடக்கிறதையும் திரும்பிப் போகேக்கை கொண்டு போ. எங்கடை எஞ்சினுக்கு எது பொருந்தும் எண்டு பாத்தாச்சு, அது இருக்குது. நீ புதன்கிழமை வந்து இறங்குவாய் எண்டு அம்மா சொல்லுறா. கலியாணம் அதுக்கு அடுத்த கிழமை. வந்த களை எண்டு படுத்திடாதை. வியாழன் காலமை அஞ்சரைக்குக் காரை எடு. நான் வரேல்லை. நான் பக்கத்திலை இருந்தால் அவர் ஏற மாட்டார். பெரிய றோட்டிலை நிப்பார், நீ இறங்கிப் போ, காருக்குள்ளை இருந்து கூப்பிடாதை. நான் சொல்லி விட்டதெண்டு சொல்லாதை. அப்பா மன்னிப்புக் கேட்டவர் எண்டும் சொல்லாதை, நான் இன்னும் கேக்கேல்லை, அது நான்தான் கேக்க வேணும், எப்ப என்ரை வாய் திறக்குமோ தெரியாது. நீ உன்ரை பிழைக்கு மட்டும் மன்னிப்புக் கேள். ஏறினால் முன்சீற்றிலை இருத்து, மெல்ல ஓட்டு, கிளினிக் முடியுமட்டும் நில், கூட்டிக்கொண்டு வந்து வீட்டை விடு. சோடியா வாறதைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்பம்.

ஏறாட்டி, மல்லுக்கட்டாதை. காரை ஓரம் கட்டிப் பூட்டிப்போட்டு, நீயும் அவரோடை பஸ்ஸிலை ஏறு. அவருக்குச் சீற் கிடைக்காட்டி எழும்பச் சொல்லி ஆரையெண்டாலும் கேள். கிடைச்சால் நீ பக்கத்திலை நிண்டு கொண்டே போ, ரெண்டு பஸ்ஸிலையும்.

அப்பா